காளை முதுகில் சுண்ணாம்புக் கோடு

நான்கு நாளாக நாகநாதன் குனியவே இல்லை. குடும்பப் பெருமை அவரை அப்படி நிமிர்த்தி வைத்திருப்பதாக ஊரார் நினைத்தார்கள். உண்மையில் இடுப்புப் பிடிப்பு.

பெருமைக்கும் குறைச்சலில்லை. கமுதிப் பக்கம் எந்த மஞ்சுவிரட்டுக்குப் போனாலும், "ஒரு பய கை படாத காளை எங்க மயிலை" என்று அவரே சொல்லி, அவரே தலையாட்டிக்கொள்வார். அந்தக் காளைதான் தொழுவத்தில் கிடந்தது. முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கும்; பின்பாதி யாரோ வேறு மாட்டிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய மாதிரி அசையாது.

"செய்வினை" என்றார் நாகநாதன், மைத்துனர் சின்னச்சாமியை முறைத்துக்கொண்டு.

"எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டவே எனக்குச் சோம்பல். உங்க மாட்டுக்குச் செய்வினை வைக்க மெனக்கெடுவேனாக்கும், மச்சான்?"

மனைவி வீரலட்சுமி யாரையும் கேட்காமல் ராமநாதபுரத்துக்கு ஆள் விட்டு மாட்டு டாக்டரை வரவழைத்திருந்தாள். கீழக்கரை ஹமீது சுல்தான். சென்னையில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அவர் காளையை ஒருக்களிக்கப் போடச் சொல்லி, பின்னங்கால் முட்டிக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கால் விசுக்கென்று பாய்ந்து சின்னச்சாமியின் கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கூரைக்கு அனுப்பியது.

"உதைச்சிருச்சு! சரியாப்போச்சு!" என்றார் நாகநாதன்.

"இல்லைங்கய்யா, இம்புட்டு உதைக்கக் கூடாது. மூளையிலருந்து வார நரம்பு அடக்கி வச்சாத்தான் கால் அளவா உதைக்கும். இப்ப மேல அதட்ட ஆள் இல்ல. கால் இஷ்டத்துக்கு ஆடுது."

"எங்க வீட்டு ஆம்பளைங்க மாதிரி" என்றாள் வீரலட்சுமி.

டாக்டர் ஊசி முனையால் இடுப்பிலிருந்து முன்னோக்கி முதுகை விரலிடை விரலிடையாகக் குத்திக்கொண்டே போனார். தோல் சும்மா கிடந்தது. விலா எலும்பு முடிகிற இடம் வந்ததும் ஈ உட்கார்ந்ததுபோல் சிலிர்த்தது. சிதறிய வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து அந்த இடத்தில் கோடு போட்டார்.

"முன்னங்காலுக்கு ஒண்ணுமில்ல. பின்னங்கால் நரம்பும் சாகல. இந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால, முதுகுத்தண்டுல அடி. எதிலயாவது விழுந்துச்சா?"

"எங்க வீட்டுக் காளை விழாது."

டாக்டர் சுத்தியலைப் பைக்குள் வைத்தார். "அப்ப வெறிநாய் கடிச்சிருக்கணும். அதுலயும் இப்படித்தான் பின்னங்கால் விழும். அடி இல்லேன்னா, சுடச் சொல்லித்தான் எழுதணும்."

மயிலை தலையைத் திருப்பி நாகநாதனின் வேட்டி நுனியை மோந்து, சவைக்க ஆரம்பித்தது. ஊரில் யார் வேட்டியையும் அது தொட்டதில்லை.

நாகநாதன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கல்தொட்டி மேல மல்லாக்க விழுந்துச்சு."

"எப்படி?"

"படம் பிடிக்க வந்தவன் காமிராவுக்கு மூடுற கறுப்புத் துணிய உதறுனான். மிரண்டுருச்சு."

"துணிக்கு மிரண்டா ஓடும், மல்லாக்க விழாதே" என்றார் டாக்டர். "முதுகுல பாரம் ஏதும்..."

"நான்தான்யா பாரம்!" நாகநாதன் வெடித்தார். "நம்ம மாடுதானேன்னு மேல ஏறி உக்காந்தேன். அது தொட்டியில, நான் சாணிக்குழியில. வெளிய சொல்லக்கூடாதுன்னு அவனுக்கு ஒரு சேவலையும் குடுத்தேன். போதுமா?"

"அந்தச் சேவல நரி தூக்கிருச்சுன்னீங்க!" என்றாள் வீரலட்சுமி.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குறடால் பின்னங்குளம்பின் ஓரத்தை அழுத்தினார். மயிலை வேட்டியைத் துப்பிவிட்டு, திரும்பிப் பார்த்துக் கத்தியது.

"வலி தெரியுது. பிழைக்க வழியிருக்கு. மெத்துன்னு வைக்கோல் போடுங்க. நாலு மணி நேரத்துக்கொரு தடவ புரட்டிப் போடணும்."

நாகநாதன் அப்போதுதான் குனிந்தார். "அய்யோ" என்று முனகிக்கொண்டே காளையின் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்தார். சின்னச்சாமி மறுபக்கம் பிடித்தார்.

"இருந்தாலும் மச்சான், நீங்க சொன்னது பொய்யில்ல. ஒரு பய கை படலதான். பட்டது வேற."

"பிடிச்சுத் தூக்குலே" என்றார் நாகநாதன்.