துடைக்காத பாத்தி

போட்டோக்காரர் வருவதற்குள் எல்லா இலையையும் துடைத்துவிட வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் எழில்மொழி மேடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். தோட்டத்து ஆறு பேரில் ஐந்து பேர் துடைத்துவிட்டார்கள். சுகிர்தம் மட்டும் தன் கத்தரிப் பாத்தியைத் தொடவில்லை. ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

தோட்டத்துக்கு வடக்கே நின்ற அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் ராவெல்லாம் சாம்பலைக் கொட்டும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் இலையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் துணி, பிறகுதான் தண்ணீர். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று வாசல் பலகை சொன்ன அந்த ஆறு பேரும் ஏழு வருடமாக எர்ணாவூரின் அந்த உப்பு மண்ணில் அப்படித்தான் காய் பறித்தார்கள்.

சுகிர்தத்துக்கு முப்பத்தாறு வயது. படிக்க வராது. ஆனால் யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அது உள்ளேயே கிடக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் அண்ணன் ஆசீர்வாதம் ஞாயிற்றுக்கிழமை சொன்னது இன்னும் கிடந்தது.

"மண்ணுல வெளாடிட்டு வர்றதுக்கு டெய்லி பஸ்ஸா? அடுத்த மாசத்துலேர்ந்து வூட்லயே கெட."

மூன்று நாள் யோசித்தாள். தன்னால் சொல்ல முடியாததைப் படம் சொல்லும் என்று தோன்றியது.

போட்டோக்காரர் நீலமேகம் திருவொற்றியூரில் கல்யாணப் படம் எடுப்பவர். அவர் வந்த ஆட்டோவிலிருந்தே எழில்மொழி மேடமும் இறங்கினார், கையில் ஒரு கூடையோடு. உள்ளே பளபளவென்று தக்காளி, நாலு காலிஃபிளவர்.

பீம்ராவ் எட்டிப் பார்த்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன்தான்.

"இன்னா மேடம், கோயம்பேடு மார்க்கெட்டு காய்க்கு நம்ம மூஞ்சியா?"

"சும்மா இருப்பா. ஆளுக்கு ஒண்ணு கையில வெச்சுக்கிட்டு சிரிங்க." அப்போதுதான் மேடம் சாம்பல் பூத்த பாத்தியைப் பார்த்தார். "சுகிர்தம், ஏன் துடைக்கல?"

"அவரு பாக்கறப்பதான் துடைப்பேன்."

"முன்னாடியே துடைக்கச் சொன்னேனே!"

"முன்னாடியே துடைச்சா நான் இன்னா வேலை செய்றேன்னு எப்டி தெரியும்?"

மேடம் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் படமெல்லாம் போடற புத்தகம் புகைபோக்கிக்காரங்க ஆபீசுக்குப் போவுது. நமக்குத் தண்ணி லாரி அனுப்பறது அவங்கதான். சாம்பல் தெரியக் கூடாதும்மா. எழுந்திரு."

சுகிர்தம் எழவில்லை. துணியைப் பிழிந்தாள். முதல் செடியின் அடி இலையை உள்ளங்கையில் ஏந்தி, காம்பிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். அடுத்த இலை. மேடம் அவளுக்கும் கேமராவுக்கும் நடுவில் வந்து நின்றார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெயில் ஏறியது. பாதி வரிசை பச்சையானதும் கையை நிறுத்தி, கேமராவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இப்ப எடு."

"ஃபிலிமை வீணாக்காதீங்க சார்," என்றார் மேடம்.

பீம்ராவ் கையிலிருந்த காலிஃபிளவரைக் கூடையில் போட்டுவிட்டு, வாளியோடு அவள் பக்கத்தில் போய் நின்றான். "துடைச்சப்புறம் ஊத்தறது நான். நான் இல்லாம படமா?"

மற்ற நால்வரும் தங்கள் துணிகளோடு வந்தார்கள். கூடை தனியாக நின்றது.

நீலமேகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் தள்ளுங்க மேடம், மறைக்குது," என்றார்.

புத்தகத்தில் கூடை மட்டுமே வந்தது, ஆள் ஒருவரும் இல்லை. ஆனால் இன்னொரு படத்தை நீலமேகம் தானே கொண்டுவந்து சுகிர்தத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் முன்னால் அதை வைத்தாள்.

"இன்னாம்மே இது, பாதி சாம்பலா கீது?"

"பச்சையா கீறது நான் துடைச்சது. மீதி, படம் எடுத்தப்புறம் துடைச்சேன்."

ஆசீர்வாதம் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு படத்தின் ஓரத்தைப் பிடித்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு சாப்பாட்டுத் தட்டுக்கு எட்டாத இடத்தில் பத்திரமாக வைத்தான்.

அடுத்த மாதம் முதல் தேதி. சுகிர்தம் துணியைப் பையில் போட்டுக்கொண்டு வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினாள். யாரையும் கேட்கவில்லை.