மட்டம் வெட்டிய கோரை

“பெரிய ஆளுங்க வர்றாங்க இசக்கி. எட்டுப் பேர். குன்னூர்லேருந்து ஜீப்புல” என்றார் பாரஸ்டர் பாலசுப்பிரமணியம். “ஞாயித்துக்கெழமை காலைல அந்தப் பறவையை அவங்க கண்ணுல காட்டிட்டா, காத்தமுத்துவுக்கு வாட்சர் வேலை உறுதி. கல்வீடும் அவனுக்குத்தான். மேல சொல்லிட்டேன்.”

“காட்டலீன்னா சார்?”

“காட்டலேன்னா உன் மாப்பிள்ளை பேரை எழுதுறேன். போதுமா?”

பாரஸ்டர் விளையாட்டாகத்தான் சொன்னார். இசக்கிமுத்து அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிக்கட்டிக்கு மேலே, இரண்டு மேடுகளுக்கு நடுவில், ஆள் உயரக் கோரை வளர்ந்த சதுப்பு அது. யாரும் கால் வைக்கக் கூடாது என்று பலகை அடித்திருந்தார்கள். பதினாலு வருடமாக அதற்கு இசக்கிமுத்துதான் வாட்சர். பறவை பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியதும் இரண்டாவதாக ஒரு வாட்சர் வேலை வந்தது. கூடவே சதுப்பின் கரையில் பூட்டிக் கிடந்த பழைய கல்வீடும். தன் மகள் மாரியாயியும் மருமகன் கந்தனும் அங்கே குடிபோவதாக இசக்கிமுத்து மனசுக்குள் பாய் விரித்தே விட்டிருந்தான். ஒன்றரை வருடமாக அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மருமகன்.

அந்தப் பாயைச் சுருட்டியது ஒரு சிலோன்காரி.

சின்னம்மையும் அவள் புருஷன் காத்தமுத்துவும் அந்த எழுபத்தைந்தாம் வருடம்தான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மண்டபம் முகாமில் கிடந்து, மலைக்கு வந்து பார்த்தால் தேயிலைத் தோட்டத்தில் இடம் நிறைந்துவிட்டது. சீகை மரம் வெட்டும் கூலி வேலை கிடைத்தது. சதுப்பின் எதிர்க்கரையில் ஒரு தகரக் கொட்டகை, மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் சாக்கு. மழைக்காலம் முழுக்கக் காத்தமுத்துவின் இருமல் இந்தக் கரைக்குக் கேட்டது. “இன்னொரு மழைய இந்தக் கொட்டாயில இவரு தாங்க மாட்டாருங்க” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சின்னம்மை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள்தான் ஒருநாள் விறகுக் கட்டோடு நின்று அதைப் பார்த்தவள். கோரைக்குள் கோரையாக, அலகை வானத்துக்கு நீட்டி அசையாமல் நின்ற செவலைக் கொக்கு. அதன் காலடியில் ஐந்து முட்டை. இசக்கிமுத்து பதினாலு வருடம் பார்க்காததை அவள் நாலு மாதத்தில் பார்த்துவிட்டாள். அவள் பாரஸ்டரிடம் சொல்ல, அவர் குன்னூருக்குப் போய்ச் சொல்ல, குன்னூரில் பறவை பார்க்கிறவர்களின் சங்கம் நடத்துகிற ஜெஸிந்தா டீச்சர் குதித்தாளாம். செங்குருகு! இவ்வளவு உயரத்தில் அது கூடு கட்டி யாரும் கண்டதில்லையாம்.

வியாழக்கிழமை காலையில் சின்னம்மை இசக்கிமுத்து வீட்டு வாசலில் நின்றாள்.

“அண்ணே, பன்னருவா இருந்தா ஒண்ணு தாங்க. தொரமாரு வாறாங்கல்ல, அதுக்குள்ள பள்ளத்தச் சுத்தம் பண்ணிப்புடணும்.”

“எதச் சுத்தம் பண்ணப் போறீங்க அம்மிணி?”

“கோரையத்தான். காடு மாதிரியில்ல கெடக்கு! மஸ்கெலியாவுல இருக்கக்குள்ள, பெரிய தொர வாறாருன்னா மூணு நாளைக்கு முந்தியே, காலையில பேரு கூப்புடுற பெரட்டுல சொல்லிப்புடுவாங்க. தண்ணி ஓடுற கானு வெட்டி, புல்லுப் புடுங்கி, பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கணும். ஒருக்கா எங்க மலையில ஒரு மூலையில புல்லு நின்னுச்சுன்னு கங்காணியையே தொர வெரட்டிப்புட்டாரு. இங்கயும் அப்பிடி ஆயிரக் கூடாது பாருங்க. இந்த வேல எங்களுக்கு உசுரு அண்ணே.”

இசக்கிமுத்து அவளைப் பார்த்தான். கோரையை வெட்டினால் கொக்கு இருக்காது. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒரே வாக்கியம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

உள்ளேயிருந்து கந்தனின் குரல்: “மாமா, டீத்தூளு தீந்துபோச்சாமா!”

இசக்கிமுத்து உள்ளே போனான். அரிவாளை எடுத்தான். கல்லில் நாலு இழுப்பு இழுத்துத் தீட்டி, நுனி விரலால் கூர் பார்த்து, அவள் கையில் கொடுத்தான்.

“பலகை அடிச்சிருக்கே அண்ணே, உள்ள எறங்கலாமா?”

“நான்தான வாட்சரு? எறங்குங்க அம்மிணி.”

“நீங்க நல்லா இருக்கணும்” என்றாள் சின்னம்மை.

சனிக்கிழமை மத்தியானம் என்னதான் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க இசக்கிமுத்து போனான். போனவன் பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றான்.

அடடா, என்ன வேலை! சதுப்பின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கோரை முழங்கால் உயரத்துக்கு ஒரே சீராக நின்றது. தேயிலைச் செடியை மட்டம் பார்க்கிற மாதிரி, காத்தமுத்து ஒரு நீளக் கம்பை அதன் மேல் கிடத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, துருத்தி நின்ற தாளைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தான். சீவுவான், இருமுவான், சீவுவான். மேட்டிலிருந்து ஒரு பாதை நேராகக் கூட்டை நோக்கிப் போனது. பாதையின் இரண்டு ஓரமும் கல். கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு.

நட்டநடுவில், கூட்டைச் சுற்றி மட்டும் ஒரு முறம் அகலத்துக்குக் கோரையை விட்டுவைத்திருந்தார்கள்.

“எப்பிடிண்ணே?” சின்னம்மை சேறு வழிகிற காலோடு ஓடிவந்தாள். “தொரமாரு தேட வேணாம் பாருங்க. நேரா நடந்தாப் போதும்.”

“நெம்ப நல்லா இருக்குது அம்மிணி. தோட்டமாட்டப் பண்ணிப்போட்டீங்க.”

“மெய்யாவா?”

“அக்கட்ட, அந்த மூலைல கொஞ்சம் ஒசரமா நிக்குது பாருங்க.”

“ஏங்க, அந்த மூலையாம்!” என்று அவள் புருஷனுக்குக் கத்தினாள். காத்தமுத்து கம்பைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்குப் போனான்.

செவலைக் கொக்கு முட்டை மேல் எழுந்து நின்றது. கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கி, உடம்பை ஒடுக்கி அசையாமல் நின்றது. தன்னை மறைத்துக்கொண்டதாக அதற்கு நினைப்பு. வெட்டவெளியில், வெள்ளையடித்த பாதையின் முனையில், நட்டுவைத்த கம்பு மாதிரி எட்டு ஊருக்குத் தெரிந்தது.

“பாருங்கண்ணே, பாருங்க, என்னா அழகா நிக்குது!” என்று சின்னம்மை கைதட்டினாள்.

இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேர்ந்து சிரிக்கிறான் என்று எண்ணி அவளும் சிரித்தாள்.

அவர்கள் சுண்ணாம்புச் சட்டியைக் கழுவ ஓடைக்குப் போன பிறகு முதல் காக்கை வந்தது. கொக்கு ஒருமுறை சீறியது. இரண்டாவது காக்கை வந்ததும் பறந்துவிட்டது. ஒரு கல்லெடுத்து எறிந்திருக்கலாம், கை எட்டுகிற தூரத்தில் கல் கிடந்தது. இசக்கிமுத்து மறந்துபோன பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் தொப்பியும் பைனாகுலருமாக வந்தார்கள். சின்னம்மை பெட்டியில் மடித்துவைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு பாதையின் தலைப்பில் நின்றாள். காத்தமுத்து கோட்டு ஒன்றை மாட்டியிருந்தான். இருவரும் கும்பிட்டார்கள்.

மேட்டில் ஏறிய ஜெஸிந்தா டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள்.

“யார் செஞ்சது இது?”

“நாங்கதாங்க!” சின்னம்மை முன்னால் வந்தாள். “ரெண்டு பேரும்தாங்க. மூணு நாளா.”

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். “டீச்சர், இவ்வளவு சுத்தமான சதுப்பை உலகத்துலயே பாக்க முடியாது. ஒரு கோல்ப் குச்சி இருந்தா ஆடிட்டே போகலாம்.”

“நன்றிங்க ஐயா” என்றான் காத்தமுத்து.

அதற்கு எல்லோருமே சிரித்தார்கள், டீச்சரைத் தவிர. அவள் வெள்ளைக் கற்களின் நடுவே நடந்துபோய்க் கூட்டைப் பார்த்தாள். ஓடுகளும் மஞ்சள் கறையும்தான் இருந்தன. திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

“அஞ்சு உயிர். அஞ்சையும் கொன்னுட்டு, பட்டுச் சேலை கட்டிட்டு வந்து நிக்கிறியா? ஒனக்கெல்லாம் காடுன்னா என்னன்னு தெரியுமா? உங்களைக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து இங்க எறக்கினாங்களே, அவங்களைச் சொல்லணும்!”

சின்னம்மையின் கும்பிட்ட கை இன்னும் பிரியவில்லை. “டீச்சர், நேத்து நிண்டுச்சுங்க. நல்லாத் தெரியிற மாதிரி நிண்டுச்சு. அண்ணன் கூடப் பாத்தாரு. அண்ணே, சொல்லுங்கண்ணே!”

பாரஸ்டர் திரும்பினார். “இசக்கி? நீ இருந்தியா?”

“நான் எங்கீங்க சார் இருந்தேன்? நேத்து மாரியாயிக்கு மேலுக்குச் சொகமில்லீன்னு இத்தலாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டனுங்களே.”

“அருவா குடுத்தீங்களே அண்ணே...”

“வெறகு வெட்டக் கேட்டீங்க, குடுத்தேன். சதுப்புக்குள்ள எறங்குவீங்கன்னு நான் கண்டனா அம்மிணி?”

காத்தமுத்து வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. சங்கத்து ஆள் ஒருவர் அவர்கள் இருவரையும் பாதையில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் மேட்டில் துணி விரித்து, பிளாஸ்கைத் திறந்து, ரொட்டி சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்கள்.

திங்கட்கிழமை கந்தனின் பெயர் எழுதப்பட்டது. தகரக் கொட்டகையைப் புதன்கிழமைக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

கந்தன் கல்வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தபோது சின்னம்மை வந்தாள். இசக்கிமுத்து கட்டிலின் கால்களைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? வெட்டாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்க ஏலாதா?”

“நீங்க கேக்கலியே அம்மிணி. அருவாதான கேட்டீங்க.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “ஆமாண்ணே. அத நாங்க கேக்கல” என்றாள். பிறகு குரலை இறக்கி, “இவருக்கு எச்சில்ல ரத்தம் வருது. பஸ்ஸுல ஒக்கார ஏலாது. ஒரு நாலு நாளைக்கு இந்த வெளிச் செவரோரமாப் படுத்துக்கிறமே?”

“என்னைக் கேட்டா? ஊடு இனிக் கந்தனோடது.”

கந்தன் துடைப்பத்தோடு நின்றான். “நாலு நாளுதானுங்க மாமா...”

“நாலு நாளுன்னு வந்தவங்க நாப்பது நாளு இருப்பாங்க. இவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் மாப்ள?” மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கந்தன் மறுபடி பெருக்கத் தொடங்கினான்.

சின்னம்மை மேட்டைச் சுற்றித் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் தூறல் விழுந்தது. கட்டிலைச் சன்னலோரம் போட்டாயிற்று. மாரியாயி அடுப்பு மூட்டினாள். முன்பெல்லாம் அந்தச் சன்னலுக்கு வெளியே கோரை மட்டும்தான் தெரியும். இப்போது எதிர்க்கரை வரைக்கும் பார்வை ஓடியது. கொட்டகை வாசலில் இரண்டு மூட்டை இருந்தது. ஒரு மூட்டை மேல் காத்தமுத்து சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“மாமா, அந்தம்மா நம்மளப் பாத்துக் கும்பிடுதுங்க” என்றான் கந்தன்.

“பாக்காத மாதிரி இருங்க” என்றான் இசக்கிமுத்து. “போறப்ப தகரத்தக் கழட்டறாங்களான்னு மட்டும் பாருங்க.”