டீசலில் இறங்கிய தண்ணீர்

துளசிங்கம் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செம்பாக்கம் ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்ற கையோடு அவர் ஒரு டிராக்டரும் டிரெய்லரும் வாங்கியிருந்தார். அவர் போன பிறகு செல்லியம்மாளுக்கு மிஞ்சியது அந்த வண்டியும், பின்பக்கத்துக் கொட்டகையும், மூன்று அறை உள்ள வீடும்தான். பிள்ளைகள் இல்லை. வயது நாற்பத்தாறு. சுற்றிலும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் குடிவந்தவர்கள் காலையில் ரயிலைப் பிடிக்க ஓடி, விளக்கு வைத்த பிறகு திரும்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

டிராக்டரை ஓட்டியவன் தேவானந்தம். முப்பத்தைந்து வயது இருக்கும். திருநீர்மலை அடிவாரத்தில் வாடகை வீட்டில் மனைவி ஞானம்மாளோடு இருந்தான். அந்தப் பக்கத்தில் கல் உடைக்கும் கிரஷரில் ஜல்லி ஏற்றி, சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் வீடு கட்டுகிற இடங்களில் கொட்டுவது வேலை. காலை ஆறு மணிக்கு சைக்கிளில் வந்துவிடுவான். செல்லியம்மாள் கொடுக்கும் டீயை கேட் ஓரமாகக் குந்தியபடி குடிப்பான். குடிக்கும்போது முந்தின நாள் பார்த்ததையெல்லாம் சொல்வான். மலைக்கோயிலில் கல்யாணம் நடந்து முடிந்து, மாப்பிள்ளையின் செருப்பு காணாமல் போய், அவர் வெறுங்காலோடு வேனில் ஏறிய கதை. அஸ்திவாரம் தோண்டியபோது தண்ணீர் ஊறி, வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்த கதை. அரை மணி நேரம்தான். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனபின் அவள் அன்றைக்குப் பேசுவதற்கு வேறு யாரும் வரமாட்டார்கள்.

டீசல் ஊற்றுகிற வேலையை மட்டும் அவள் தன் கையில் வைத்திருந்தாள். துளசிங்கம் இருந்தவரை அவர் செய்தது. பத்து நாளைக்கு ஒருமுறை தேவானந்தம் தாம்பரத்துப் பங்க்கிலிருந்து பேரலில் டீசல் கொண்டுவந்து, பலகை வைத்து உருட்டி இறக்கி, கொட்டகை ஓரத்தில் நிமிர்த்தி வைப்பான். அதோடு அவன் வேலை முடிந்தது. சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் அவள் டேங்க் மூடியைச் சுற்றி அப்பியிருக்கும் கல் மாவைத் துடைப்பாள். புனலில் புருஷனின் பழைய வேட்டித் துண்டை இரண்டாக மடித்துப் போடுவாள். பேரலுக்குள் ரப்பர் ஓஸை விட்டு உறிஞ்சி டின்னில் பிடித்து, டின்னிலிருந்து புனலில் ஊற்றுவாள். துணியில் கறுப்பாகத் தங்கும் தூசியைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு திருப்தி. அவ்வளவு அழுக்கு எஞ்சினுக்குள் போகாமல் நிறுத்தியாகிவிட்டது.

எண்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் வண்டி நிற்க ஆரம்பித்தது.

முதல் தடவை பல்லாவரம் போகிற வழியில் நின்றது. வழியோர மெக்கானிக் ஒருவர் டீசல் பில்டரைத் திறந்து உள்ளே இருந்ததைக் கீழே ஊற்றிவிட்டு, காற்றை வெளியேற்றி, வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். டீசலில் தண்ணீர் இருக்கிறது என்றார். தேவானந்தம் பங்க்கைச் சந்தேகப்பட்டான். அடுத்த பேரலை வேறு பங்க்கில் பிடித்தான். ஒரு வாரத்தில் மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நின்றது ரயில்வே கேட்டில். முன்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது, ஜல்லி நிறைந்த டிரெய்லர் தண்டவாளத்தின் மேல் நின்றது. கேட்கீப்பர் பச்சை, சிவப்பு இரண்டு கொடியையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி இருபது பேர் தள்ளினார்கள். வண்டி நகர்ந்த பிறகு தேவானந்தம் சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம்.

அன்று சாயங்காலம் துளசிங்கத்தின் தம்பி குப்புராஜ் வந்தான். தாம்பரம் மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவன். அண்ணன் போனபின் மாதம் ஒருமுறை எட்டிப்பார்க்கிற ஒரே சொந்தம் அவன்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"ரெண்டு பங்க்லயும் தண்ணி வருமா அண்ணி? வழில எவன்கிட்டயோ டீசல வித்துட்டு, அளவு கொறையக் கூடாதுன்னு தண்ணிய ஊத்திகினு வரான். கிரஷர்ல எல்லா டிரைவரும் பண்றதுதான் இது."

அவள் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். ஆனால் அவளுடைய டீசல் சுத்தமானது. அவள் கையாலேயே வடிகட்டி ஊற்றியது. பின்னே தண்ணீர் எங்கிருந்து வந்தது? அன்றிரவு யோசித்ததில் அவளுக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

காலையில் தேவானந்தம் வந்தபோது டீ போட்டு வைக்கவில்லை. குப்புராஜ் கேட்டில் நின்று சாவியைக் கேட்டான். எதற்கென்றும் சொன்னான். தேவானந்தம் அவனைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"நான் எடுக்கலக்கா," என்றான்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சாவியை டிராக்டர் சீட்டின் மேல் வைத்துவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து, லோடு ஏன் வரவில்லை என்று விசாரிக்க கிரஷரிலிருந்து கணக்குப்பிள்ளை வந்தார். டிரைவர் டீசல் திருடினான், நிறுத்திவிட்டோம் என்று அவள் வாயாலேயே சொன்னாள். சொல்லும்போது தன் குரல் உறுதியாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

குப்புராஜ் தனக்குத் தெரிந்த சிட்டிபாபு என்பவனை டிரைவராக அனுப்பினான். சிட்டிபாபு வாசலிலேயே ஆரன் அடித்து சாவி வாங்கிக்கொண்டு போவான். டீ வேண்டாம் என்றுவிட்டான். பத்து நாள் மழை இல்லை. வண்டியும் ஒருமுறைகூட நிற்கவில்லை. குப்புராஜ் சொன்னது சரிதான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையில் கேட் ஓரத்தைப் பெருக்கும்போது மட்டும் அந்த இடத்தில் சற்று நேரம் துடைப்பத்தோடு நின்றுவிடுவாள்.

கார்த்திகை பிறந்து மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் தாம்பரம் சானடோரியம் அருகே வண்டி நின்றது. இந்த முறை காற்று எடுத்தும் கிளம்பவில்லை. கட்டி இழுத்துப் போய் மெக்கானிக் அத்தாவுல்லாவின் பட்டறையில் விட்டார்கள். செல்லியம்மாள் பஸ் ஏறி அங்கே போனாள்.

அத்தாவுல்லா ஐம்பது வயதுக்காரர்; அதிகம் பேசாதவர். பில்டர் கிண்ணத்தில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஸ்டூல் மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மேலே டீசலும் கீழே கலங்கிய தண்ணீரும் தனித்தனியாகப் பிரிந்தன. மூன்று விரற்கடை தண்ணீர். பம்பைக் கழற்றி, உள்ளே துருப்பிடித்த இடத்தைக் காட்டினார்.

"டீசல் எங்க வச்சிக்கிறீங்கம்மா?"

சொன்னாள். பேரல் நிமிர்ந்து நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று கேட்டார். நிமிர்ந்துதான். மேலே கூரை இருக்கிறதா? அஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, ஆனால் சாரல் அடிக்கும். மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா? அது காய்ந்து வெடித்ததால் போன வருஷமே எடுத்துப் போட்டுவிட்டாள். மூடியை இறுக்கித் திருகினால் மறுநாள் திறக்கக் கை வலிக்கிறது என்று லேசாகத்தான் வைப்பாள். ஓஸை எதுவரை விடுகிறீர்கள் என்று கடைசியாகக் கேட்டார். அடியில் முட்டும்வரை என்றாள்.

அவர் அவளைக் குற்றம் சொல்லவில்லை. பேரலின் மேல்தட்டில் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கும், பகலில் சூடாகி மாலையில் ஆறும்போது பேரல் அந்தத் தண்ணீரை மூடி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினார்.

"தண்ணி அடியில போய் குந்திக்கும். நீங்க ஓஸ வுட்டு மொதல்ல எடுக்கறதே அதத்தான். துணி தூசியத்தாம்மா நிறுத்தும், தண்ணிய நிறுத்தாது."

அவள் பஸ்ஸில் ஏறினாள். சீட் காலியாக இருந்தும் வீடுவரை நின்றுகொண்டே வந்தாள். வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓஸைப் பேரலின் அடிவரை விட்டு ஒரு பழைய பாட்டிலில் பிடித்தாள். டீசலின் நிறமே இல்லை. இன்னொரு பாட்டில் பிடித்தாள். அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர். கொட்டகையில் விறகின் மேல் உட்கார்ந்து இரண்டு பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுவதைப் பார்க்க யாரும் இல்லை. ஏன் என்று கேட்கவும் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திருநீர்மலைக்குப் போனாள். அவன் வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று இடத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் தினமும் பேசியவன், அவன் வீடு எந்தத் தெருவில் என்று அவள் ஒருமுறையும் கேட்டதில்லை. ஞானம்மாள் கதவைத் திறந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். தேவானந்தத்துக்கு இந்தப் பக்கத்தில் யாரும் வண்டி கொடுக்கவில்லை என்பது வழி விசாரித்த இடத்திலேயே தெரிந்திருந்தது. செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு செங்கல் சூளையில் ஓட்டிக்கொண்டு, வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருகிறான். அன்று சர்ச்சுக்குப் போயிருப்பதாகவும் அங்கேயே சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் இரண்டு பெண்களும் ஒரே அறையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் வந்து அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். செல்லியம்மாள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பேரல், மூடி, ஓஸ், பாட்டில், எதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே வந்தவன், ஓஸ் என்றதும் நெற்றியில் கைவைத்தான்.

"நானாச்சும் ஒரு தபா பேரலத் தொறந்து பாத்திருக்கணும்," என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "நீங்க என்னிய ஒரு வார்த்த கேக்கவே இல்லக்கா. கேட்டிருந்தா ரெண்டு பேருமா தேடியிருப்போம்."

அவள் மறுபடி வந்து வண்டி எடுக்கச் சொல்லிக் கேட்டாள்.

"வேணாங்கா. இனிமே வண்டி எப்ப நின்னாலும் நீங்க என் மூஞ்சத்தான் பாப்பீங்க. நானும் உங்க மூஞ்சத்தான் பாப்பேன்."

அவள் கிளம்பும்போது ஞானம்மாள் முதல்முறையாகப் பேசினாள்.

"இங்க சொன்னது எங்களுக்குத் தெரிஞ்சதுதான். கிரஷர்ல சொன்னீங்க இல்ல, அங்க போய்ச் சொல்லுங்க."

மறுநாள் செல்லியம்மாள் கிரஷருக்குப் போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழவில்லை. அவள் டீக்கடைக்கு முன்னால் வெயிலில், ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தும்வரை காத்திருந்தாள். கூலிகளும் டிரைவர்களும் புருவம்வரை வெள்ளைத் தூசியோடு வந்து உட்கார்ந்தார்கள். கணக்குப்பிள்ளையும் வந்தார். அவள் நடுவில் போய் நின்றாள்.

"செம்பாக்கம் டிராக்டர் என்னுது. தேவானந்தம் டீசல் எடுத்தான்னு நான் சொன்னேன். அவன் எடுக்கல. தண்ணி என் வூட்டுப் பேரல்ல எறங்கினது. தப்பு என்னுது."

யாரோ சிரித்தார்கள். பின்னால் இருந்த ஒருவர் என்ன சொல்கிறாள் என்று பக்கத்தில் கேட்டார். அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தாமதமாக நான்கு லாரி டிரைவர்கள் சாப்பிட வந்தபோது அவர்களிடமும் சொன்னாள். அதற்குள் சிரிப்பு நின்றிருந்தது. கணக்குப்பிள்ளை தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். அவளால் குடிக்க முடியவில்லை.

விஷயம் மார்க்கெட்டுக்கும் எட்டியது. குப்புராஜ் வந்து, ஊர் நடுவில் நின்று குடும்பத்தைக் கேவலப்படுத்திவிட்டதாகச் சொன்னான். திருடன் பட்டம் கட்டச் சொன்னவன் தான்தான் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்றான். கட்டியது நான்தான், உன்னை நான் சொல்லவில்லையே என்று அவள் சொன்னாள். அவன் அதற்குப் பிறகு வரவில்லை.

தை மாதத்தில் பம்மல் லாரிக்காரர் ஒருவர் தேவானந்தத்துக்கு வேலை கொடுத்தார் என்று சிட்டிபாபு சொன்னான். ஒருமுறை சாலையில் அந்த லாரி அவளைக் கடந்து போனது. தேவானந்தம் வேகத்தைக் குறைத்து, தலையை ஆட்டிவிட்டுப் போனான். நிறுத்தவில்லை.

அவள் பேரலைக் கொட்டகையின் உள்பக்கத்துக்கு மாற்றினாள். அடியில் ஒரு பக்கம் மட்டும் செங்கல் வைத்துச் சாய்த்து, மூடி மேட்டுப்பக்கம் இருக்கும்படி திருப்பினாள். மூடிக்குப் புது வளையம் போட்டாள். புதுப் பேரல் வந்தால் ஒருநாள் முழுக்க அசைக்காமல் விடுவாள். ஓஸின் நுனியைத் தாண்டி ஒரு சாண் நீட்டியிருக்கும்படி குச்சி கட்டினாள், ஓஸ் பேரலின் அடிவரை போகாமலிருக்க. அடியில் தங்குவதைத் தனியாக வடித்து எடுத்துவிடுவாள். சாயங்காலமே டேங்கை விளிம்புவரை நிரப்பிவிடுவாள். காலி இடம் இருந்தால் பனியில் உள்பக்கம் வியர்க்கும் என்று அத்தாவுல்லா சொல்லியிருந்தார். அவர் தேடிக் கொடுத்த மெல்லிய தோலைத் துணிக்குப் பதிலாகப் புனலில் விரித்தாள். டீசல் அதில் இறங்கும், தண்ணீர் மேலேயே உருண்டு நிற்கும். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். சிட்டிபாபு அதற்குள் போய்விட்டிருப்பான்.

அடுத்த மழைக்காலம் முழுக்க வண்டி ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. மார்கழியில் ஒருநாள், எந்தப் பழுதும் இல்லாமலேயே, வண்டியை சிட்டிபாபுவோடு பட்டறைக்கு அனுப்பிவிட்டு அவளும் பஸ்ஸில் போனாள். அத்தாவுல்லா கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எனக்கு ஒரு வேலையும் இல்லம்மா. சுத்தமா கீது."

சிட்டிபாபு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அவள் எழுந்திருக்கவில்லை. பட்டறைக்கு முன்னால் மின்சார ரயில்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. அத்தாவுல்லா அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், எதிர்க்கடைக்கு இரண்டு விரலைக் காட்டி டீ சொன்னார். பிறகு ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அன்று காலை பட்டறைக்கு வந்த ஒரு லாரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.