நாலாவது பாட்டுக்கு முன்னால்

"முடிஞ்சுதா?"

"முதல் பக்கம்தான் முடிஞ்சிருக்கு. திருப்பிப் போடணும்."

"அய்யோ, பின்பக்கமும் இருக்கா?"

"இன்னும் நாலு பாட்டு. ஏன், பிடிக்கலையா?"

"இத பாருங்க. உங்க அக்காகிட்ட ஒரு மணி நேரம் போன்ல பேசச் சொல்லுங்க, பேசறேன். உங்க ஒர்க்‌ஷாப் சட்டையைத் துவைக்கச் சொல்லுங்க, மூக்கைப் பொத்திக்கிட்டுத் துவைக்கிறேன். இதை மட்டும் இனிமே என்னைக் கேக்கச் சொல்லாதீங்க."

"சரி, சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஆமா, நாலாவது பாட்டுக்கு முன்னாடி ஒருத்தர் கிரீச்சுன்னு நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிக்கிறாரே, அவராவது தப்பிச்சு வெளியே போயிட்டாரா?"

கல்யாணமான ஒன்பதாம் நாள், ரெக்கார்டு பிளேயருக்குப் பக்கத்தில் கணவனும் மனைவியும் பேசியது இது. அந்த ஆல்பத்தை அவர் அதற்குள் முந்நூறு முறையாவது கேட்டிருப்பார். நாற்காலிச் சத்தம் எதுவும் அவர் காதில் பட்டதேயில்லை. மனைவி சமையலறைக்குள் போனதும் ஊசியை மறுபடி வைத்து, ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டார். இருந்தது. மூன்றாவது பாட்டு ஓய்ந்து நாலாவது தொடங்கும் இடைவெளியில், மெல்லிய ஒரு கிரீச். டிரம்ஸ் வாசிப்பவரின் ஸ்டூல்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆல்பத்தின் ரசிகர் கூட்டத்தில் அதைத் தன் கண்டுபிடிப்பாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவரான தபால்காரர் எழுந்து வந்து அவர் காதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாம்புக்காதுய்யா உனக்கு!" என்றார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. காது யாருடையது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

செய்த சத்தியத்தை மட்டும் காப்பாற்றினார். இருபத்திரண்டு வருடங்களாக முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ரெக்கார்டு போடுகிறார்.

பதினோரு மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் ஸ்டூல் காணாமல் போனது. ஊசி தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புது ஊசி வாங்கினார். பிறகு வயரை மாற்றினார். பிறகு ஸ்பீக்கரையே மாற்றினார். கடைசியில், ஐந்து மாதம் கழித்து, வேலை பார்க்கும் பஸ் டிப்போவிலிருந்து உணவு இடைவேளையில் வெளியே வந்து, தனியாகக் காது டாக்டரைப் போய்ப் பார்த்தார்.

"முப்பது வருஷமா என்ஜினுக்குப் பக்கத்துல நின்னா காது என்னங்க பண்ணும்? மெல்லிசா, கூர்மையா வர்ற சத்தமெல்லாம் உங்களுக்குப் போயிடுச்சு. இன்னும் போகும். மிஷின் வெச்சுக்கலாம். அடுத்த தடவை வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை. படிக்கட்டு இறங்குவதுபோல் கோடு போட்ட காது பரிசோதனைக் காகிதத்தை, மனைவியின் கை ஒருபோதும் படாத இடமாகப் பார்த்து, ஆல்பத்தின் அட்டைக்குள் ஒளித்து வைத்தார்.

ஆல்பத்தின் அட்டையில் எதிலும் சாயாமல் நிற்கும் ஓர் இரும்பு ஏணி. அதனால் ரசிகர்களுக்கு அது வெறும் 'ஏணி'. வெளிவந்து நாற்பது வருடமாகிறது என்று கம்பெனி பழைய டேப்பைச் சுத்தம் செய்து புதுப் பதிப்பு போட்டிருந்தது. அதைக் கேட்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கணக்கு வாத்தியாரின் மாடியறையில் கூடினார்கள். அவர்கள் நாலே பேர். வாத்தியார், தபால்காரர், மாட்டு டாக்டரம்மா, பாம்புக்காது.

கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பாட்டு ஓடும்போது பேசக்கூடாது. தோன்றுவதைத் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். பிறகு சீட்டுகளைக் குலுக்கி, ஒருவருடையதை இன்னொருவர் படிப்பார். சட்டம் வந்ததற்குக் காரணமே பாம்புக்காதுதான். அவர் வாயைத் திறந்தால் மற்ற மூவரும் "ஆமா ஆமா" என்று தலையாட்டிவிடுகிறார்களாம்.

வாத்தியார் ஊசியை இறக்கினார். பாம்புக்காது சீட்டின் மேல் குனிந்தார். கிடாரும் டிரம்ஸும் நெஞ்சில் வந்து இடித்தன. அந்த அளவுக்குக் கேட்டது. அதற்கு மேலே, மிளகுத்தூள் தூவியதுபோல் இருக்க வேண்டிய சிம்பல் தட்டின் ஓசையெல்லாம் வெறும் பஞ்சு. எதை எழுதுவது? மற்றவர்களின் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது பாட்டின் நீண்ட கிடாருக்குத் தபால்காரர் முகம் சுளித்தார். தானும் சுளித்து, 'கிடார் கொஞ்சம் தூக்கல்' என்று எழுதினார். காப்பியடிக்கும் மாணவனைப்போல் காதோரம் சுட்டது.

மூன்றாவது பாட்டு ஓய்ந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த இடைவெளியில் மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அப்பாடா, வந்துவிட்டது. அவர் அவசரமாக எழுதினார்: 'ஸ்டூல் சத்தம் முன்னைவிடத் தெளிவு. பிரமாதம்.'

இரண்டு பக்கமும் முடிந்ததும் வாத்தியார் சீட்டுகளைத் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்.

தபால்காரருக்கு வந்தது டாக்டரம்மாவின் சீட்டு. "'அஞ்சாவது பாட்டு இப்பவும் அழ வைக்குது.' ஏம்மா, அந்த இழுவைப் பாட்டுக்கா அழுவீங்க? நாப்பது வருஷமா நான் அதுக்குத்தான் டீ குடிக்க எந்திரிச்சுப் போறேன்."

"உங்களுக்குக் காதல்னா என்னன்னு தெரியாது, விடுங்க. கடிதாசி குடுத்தே காலம் போயிடுச்சு."

"எல்லாம் அடுத்தவன் காதல்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் அடுத்த சீட்டை எடுத்தார். பழக்கமான கையெழுத்து.

"நம்ம பாம்புக்காது. 'கிடார் கொஞ்சம் தூக்கல்.' சரி. 'ஸ்டூல் சத்தம் முன்னைவிடத் தெளிவு…'" வாத்தியாரின் குரல் தேய்ந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் ஒன்றுமில்லை.

"என்னய்யா இது?" என்றார் தபால்காரர். "அதைத்தான் துடைச்சு எடுத்துட்டானுங்களே! அது இல்லாம திடீர்னு வெறிச்சுனு ஆயிடுச்சு, மூணு பேரும் தூக்கி வாரிப்போட்டுப் பாத்தோம். அரைப் பக்கம் திட்டி எழுதி வெச்சிருக்கேன் நான்."

பாம்புக்காதுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்கள் நிமிர்ந்தது சத்தம் வந்ததற்காக இல்லை, வராததற்காக. வாய் தானாகவே பேசியது.

"சும்மா எழுதினேன். யாராவது முழிச்சிருக்கீங்களான்னு பாக்கலாம்னு."

தபால்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "எமகாதகன்! பரீட்சை வைக்கிறான் பாரு நமக்கே!" வாத்தியாரும் சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. யாராவது பாம்புக்காது என்றாலே "பாம்புக்குக் காதே கிடையாது, தெரியுமில்ல?" என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த ஜோக்கை இன்று அவர் சொல்லவில்லை. வாயில்லாத ஜீவனிடம் எங்கே வலி என்று தேடும் பார்வையோடு பாம்புக்காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை விடக்கூடாது," என்றார் வாத்தியார். "கம்பெனிக்குக் காரமா ஒரு கடிதம் போடணும். ஸ்டூல் மட்டுமா போயிருக்கும்? எங்கெங்க என்னென்ன துடைச்சிருக்கான்னு நிமிஷம், செகண்டோட பட்டியல் வேணும். அதுக்கு ஆள் யாருன்னு நான் சொல்லணுமா?"

புது ரெக்கார்டு பாம்புக்காதின் மடிக்கு வந்தது. புதன்கிழமைக்குள் பட்டியல் வேண்டும். டாக்டரம்மா மட்டும், "வேணும்னா நான் செய்யறேனே," என்று மெதுவாகச் சொன்னார். "நீங்க சும்மா இருங்கம்மா, பாம்புக்காது இருக்கும்போது," என்று தபால்காரர் முடித்துவிட்டார்.

பஸ்ஸில் ரெக்கார்டை மார்போடு அணைத்தபடி வந்தார். பழைய பட்டியலை நினைவிலிருந்து எழுதிவிடலாம். ஏணியில் எந்தச் சத்தம் எங்கே இருந்தது என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் இந்தப் புதுப் பதிப்பில் எது மிச்சமிருக்கிறது, எது போய்விட்டது? தப்பாக எழுதினால் கம்பெனிக்காரன் சிரிப்பான். பரவாயில்லை. இந்த மூன்று பேர் இனிமேல் சிரிக்காமல் இருப்பார்களே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. இரக்கப்பட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்து, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். முன்பும் ஆட்டினார்கள்தான். அது வேறு.

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேசையில், தான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் பரப்பி வைத்து அடுத்த வாரத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்தாச்சா? என்ன சொல்லுது உங்க சபை? அஞ்சாவது பாட்டுக்கு இன்னும் சண்டை தீரலையா?"

"தீரல."

"சுவத்துக்கு இந்தப் பக்கமிருந்து கேட்ட எனக்கே தெரியும், அது நல்ல பாட்டு. அந்த இழுவைக்கு முன்னாடி பாடறவர் ஒரு மூச்சு இழுப்பார் பாருங்க, பாவமா இருக்கும்."

அவர் நின்றுவிட்டார். மூச்சா? அந்த மூச்சு அவர் பட்டியலிலேயே கிடையாது.

பேச்சை மாற்ற ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கதவில் சாய்ந்து நின்றபடியே குடித்தார். பாதி பாட்டில் காலியாகியிருக்கும்.

"ஏங்க."

"என்ன?"

"ஃபிரிட்ஜ் கத்துது."

அவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது. அது கத்துவதாகத் தெரியவில்லை.

"கதவை மூடச் சொல்லி ரொம்ப நேரமா கத்துதுங்க," என்றாள். பென்சிலைக் கீழே வைத்தாள். "போன வாரமும் இப்படித்தான் நின்னீங்க. ஏதோ யோசனையில இருக்கீங்கன்னு நினைச்சேன்."

அவர் கதவை மூடினார். வாத்தியாரிடம் சொன்னதுபோல் இதற்கும் ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் அதைச் சொல்லாமல் முன்னறைக்குப் போனார். பழைய ஏணியை எடுத்து வந்து அட்டைக்குள்ளிருந்து காகிதத்தை உருவி அவள் நோட்டின் மேல் வைத்தார். பக்கத்தில் புது ரெக்கார்டையும் வைத்தார்.

படிக்கட்டாய் இறங்கும் கோட்டை அவள் விரலால் தொட்டுக்கொண்டே கடைசிவரை போனாள். மேலே இருந்த தேதியைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா?" என்றாள். "என்கிட்ட…"

"அந்த ஸ்டூல் சத்தம் இருக்கில்ல," என்றார் அவர். "அதைக் கண்டுபிடிச்சது நீதான். கல்யாணமான ஒன்பதாம் நாள். பாம்புக்காதுன்னு பேர் வாங்கினது நான்."

"எந்த ஸ்டூல்?"

"தப்பிச்சு வெளியே போனாரே, அவர்."

அவள் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்து நின்றது. அவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார். ஆறு மாதங்களாகச் சாத்திய கதவுக்குப் பின்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம். ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தியம் வந்து குறுக்கே நின்றது.

"உன்னை இதைக் கேக்கச் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். சத்தியம் பண்ணினேன். இப்ப சொல்றேன்," என்றார். "இந்த ரெக்கார்டை எனக்காக முழுசா ஒரு தடவை கேளும்மா. பக்கத்துல உக்காந்து, என்னென்ன கேக்குதுன்னு எனக்குச் சொல்லு."