ஒரே மணிக்காரர்

இசை விழாவுக்கு இரண்டு வகை மனிதர்கள் வருவார்கள். பாட்டுக் கேட்க வருகிறவர்கள் ஒரு வகை, பாட்டில் நொட்டை கண்டுபிடிக்க வருகிறவர்கள் மறு வகை. பெர்ரஷீத் ஊர் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துவதால் உஸ்தாத் என்று அழைக்கப்படும் ஜவாத் இந்த இரண்டாவது கூட்டத்துக்குத் தலைவர். இருபத்திரண்டு வருஷமாக எல் ஜதீதா கடற்கரை விழாவுக்கு வருகிறார். இருபத்திரண்டு வருஷமும் "போன வருஷமே தேவலை" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்.

இந்த முறை வந்ததற்கு வேறு காரணம். அதை அவர் வாயால் சொல்ல மாட்டார் என்பதால் நாமே சொல்லிவிடலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சின்ன மேடையில் நான்கு பெண்கள் வாசிக்கிறார்கள். டிரம்ஸ் அடிப்பவள் கிஸ்லான், அவருடைய ஒரே மகள், பத்தொன்பது வயது. இதற்கு முன்னால் மூன்று கச்சேரி செய்திருக்கிறாள். மூன்றுக்கும் அவர் போகவில்லை. முதல் தடவை விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சளி. மூன்றாம் தடவை சாக்குத் தேடக்கூட அவர் மெனக்கெடவில்லை. வீட்டில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பழகும்போது, "சுகைனா, அடுப்படியில பூனை புகுந்துடுச்சு பாரு, பாத்திரமெல்லாம் உருளுது" என்று மனைவியைக் கூப்பிடுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

நோன்புப் பெருநாள் காலையில் கிஸ்லான் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பாபா, இந்த ஒரு தடவை வாங்க. வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன். கோவத்துல சொல்லல. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒரு கோபத்தைக் காட்டித் தப்பித்திருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னதால் மாட்டிக்கொண்டார். "நாலஞ்சு நல்ல பேண்டு வருதாம், அதைப் பாக்க வர்றேன். அப்படியே உன்னையும் பாத்துட்டாப் போச்சு" என்றார். அன்றைக்கே ஒரு நீலச் சட்டையை ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனியாக எடுத்து வைத்தார். யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். இஸ்திரி போட்ட சுகைனாவுக்குத் தெரியாதா?

ஜவாத்தைச் சொன்னால் அவர் கைக்கடிகாரத்தையும் சொல்ல வேண்டும். சர்க்கார் நாட்டின் மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியபோது ஊரே முணுமுணுத்துக்கொண்டு மாற்றிக்கொண்டது. ஜவாத் மாற்றவில்லை. சூரியன் உச்சிக்கு வரும்போது பன்னிரண்டரை காட்டினால் அது கடிகாரம், ஒன்றரை காட்டினால் அது சுற்றறிக்கை என்பது அவர் கட்சி. நாலு மணிக்கு வா என்று யாராவது சொன்னால் "பழசா, புதுசா?" என்று கேட்டுக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அவரிடம் கேட்டால் மட்டும், "அல்லாஹ் படைச்சது ஒரே மணிதான். இன்னொண்ணைப் படைச்சவங்ககிட்டப் போய்க் கேளு" என்று பதில் வரும்.

ஆனால் கொள்கை வேறு, சம்பளம் வேறு. வேலைக்குப் போகும்போது கடிகாரம் காட்டும் மணியோடு மனசுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வார். பதினொரு மாதம் கூட்டுவார், ஒருநாளும் தாமதமானதில்லை. ரமலானில் மட்டும் நோன்பாளிகளுக்காக சர்க்காரே மணியைப் பின்னால் இழுத்து அவர் வழிக்கு வரும். அந்த ஒரு மாதம் ஜவாத் நாட்டையே திருத்திவிட்டவர் போல நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். நோன்பு முடிந்து அடுத்து வருகிற ஞாயிறு விடிவதற்குள் மணி மறுபடி ஒரு மணி நேரம் முன்னால் போய், நாடு பழையபடி கெட்டுப்போகும். இந்த வருஷம் விழா அந்த வாரக் கடைசியில்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை ஏழு மணி என்று போட்டிருந்த பேண்டு எட்டேகாலுக்கு மேடையேறியது. இடைப்பட்ட நேரத்தில் ஜவாத் நத்தை சூப் வண்டியோரம் நின்று, கிண்ணத்தை ஒரு கையில் பிடித்தபடி மறுகைக் கடிகாரத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். "நேரம் தெரியாதவனுக்குத் தாளம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சூப்காரர் ஆமாம் போட்டார், ஐந்தாவது கிண்ணம் விற்ற சந்தோஷம் அவருக்கு.

தெற்கே பாலைவனத்திலிருந்து வந்தவர்கள் கிட்டார் வாசித்தார்கள். "ஒரு சுரத்துலேருந்து அடுத்த சுரத்துக்குப் போறதுக்குள்ள ஒட்டகம் குட்டி போட்டுடும்" என்றார். சனிக்கிழமை காஸாபிளாங்காவிலிருந்து நான்கு தாடிக்காரர்கள் வந்து கர்ஜித்தார்கள். "பாவம், பல்வலி. யாராவது கிராம்பு குடுங்கப்பா" என்றார். ஜவாத்தும் கல்லூரியில் நான்கு மாதம் கிட்டார் வைத்திருந்தவர்தான். தந்தி மட்டமான சரக்கு என்பதால் விட்டுவிட்டதாகச் சொல்வார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சனிக்கிழமை அவருக்கு முன்னால் நின்றவர் ஃபெஸ் நகரத்து மருந்துக் கடைக்காரர் பென்னீஸ். நல்ல ஆகிருதி. கையை உயர்த்தி ஃபோனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். ஜவாத் அவர் தோளைத் தட்டினார்.

"ஐயா, உங்க கையைப் பாக்க நான் சீட்டு வாங்கல."

"மன்னிச்சுக்குங்க உஸ்தாத். பொண்டாட்டி ஃபெஸ்ஸுலயே தங்கிட்டா. அவளுக்குக் காட்டணும்னுதான்."

"கண்ணு ரெண்டும் எதுக்குக் குடுத்திருக்கான்? பாட்டை ஃபோன்ல பாக்கிறவன் கூஸ்கூஸையும் படத்துலயே தின்னுக்கலாமே! என் ஃபோன் எங்கே தெரியுமா? வெள்ளிக்கிழமையே கார்ல வச்சுப் பூட்டிட்டேன். பாட்டுக் கேக்க வந்தா காதைக் கொண்டு வரணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பென்னீஸ் முகம் சிவந்து கையை இறக்கிக்கொண்டார். அந்த மூன்று நாளில் ஜவாத் உண்மையாகவே ரசித்த நிகழ்ச்சி இது ஒன்றுதான்.

ஞாயிறு காலை அவர் தூங்கிக்கொண்டிருந்தபோதே சுகைனாவும் கிஸ்லானும் டிரம்ஸைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டி வைத்த ஃபோனும் காரோடு போய்விட்டது. மேஜைமேல் கிஸ்லான் எழுதிய சீட்டு இருந்தது: "அஞ்சு மணி. சின்ன மேடை. முன்வரிசை." பழசா புதுசா என்று அவள் எழுதவில்லை. எழுதினால் அதற்கு ஒரு சொற்பொழிவு கேட்க வேண்டும். தவிர, எந்த மணியாக இருந்தாலும் கூட்டிக் கழித்துச் சரியாக வந்து நிற்கிற மனுஷர் என்று வீட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது.

ஒரு மாதமாகக் கூட்டாமல் இருந்த மனுஷர் அவர் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவரும்தான்.

அவர்கள் தங்கியிருந்தது லல்லா ரகிய்யா என்ற விதவையின் வீட்டு மாடி. அங்கே சுவர்க் கடிகாரமும் வருஷம் முழுக்க அல்லாஹ்வின் மணியைத்தான் காட்டியது. அந்த அறையை ஜவாத் வாடகைக்குப் பிடித்ததே அதைப் பார்த்துத்தான். மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார். எழுந்து சவரம் செய்து நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கீழே முற்றத்தில் லல்லா ரகிய்யாவோடு புதினா டீ குடிக்க உட்கார்ந்தார். அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. கடிகாரம் நாலு பத்து காட்டியது. சூரியன், பள்ளிவாசல், தன் கடிகாரம் மூன்றும் ஒத்துப்போவதில் அவருக்கு எப்போதுமே ஒரு பெருமை.

பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் கடற்கரைப் பக்கமிருந்து டிரம்ஸ் சத்தம் காற்றில் வந்தது.

"ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றாள் லல்லா ரகிய்யா.

"அது மைக் செட்டுக்காரன் லல்லா, சரியா கேக்குதான்னு தட்டிப் பாக்கிறான்." ஜவாத் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "கை சுத்தமா இருக்கு. ஒரு அடிகூட நழுவல. மூணு நாளா மேடையில ஏறினவங்களையெல்லாம் இறக்கிட்டு இவனை ஏத்தியிருக்கலாம்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. பிறகு இன்னொரு டம்ளர் டீ கேட்டார்.

நாலே முக்காலுக்குச் சின்ன மேடைக்கு வந்து சேர்ந்தார். கால் மணி முன்னதாக வந்த கௌரவத்தோடு, "வழி விடுங்க, வழி விடுங்க, டிரம்ஸ் வாசிக்கிற பொண்ணு என் மகள்" என்று சொல்லிக்கொண்டே முன்வரிசைத் தடுப்புவரை போனார். இதை அவர் சத்தமாகச் சொன்னதும் இதுதான் முதல் தடவை. வழிவிட்டவர்கள் அவரைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தார்கள். மேடையில் சட்டை போடாத ஒருவன் கிட்டாருக்கு வயர் செருகிக்கொண்டிருந்தான். "முந்தின கோஷ்டி இன்னும் இறங்கலை பாருங்க, இதுதான் நம்ம ஊரு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

பக்கத்தில் நின்றவர் பென்னீஸ்.

"வாங்க உஸ்தாத். இவங்க இப்பத்தான் ஏறுறாங்க. ஆறு மணி ஆட்டம்."

"ஆறா? அஞ்சு மணிக்குப் பொண்ணுங்க இருக்காங்களே."

"அவங்க முடிச்சு இறங்கிட்டாங்களே! பிரமாதம்! எங்க போயிருந்தீங்க? மணி இப்போ அஞ்சே முக்கால்."

ஜவாத் தன் கடிகாரத்தைப் பார்த்தார். அது நாலே முக்கால் காட்டியது. அவர் சொல்படியே கேட்டு வளர்ந்த கடிகாரம். அதற்கு வேறென்ன தெரியும்? பதினொரு மாதம் பழகிய கூட்டல் அப்போதுதான் மனசுக்குள் ஓடி, விடை வந்தது. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு பென்னீஸ் பக்கம் திரும்பினார்.

"ஹாஜியாரே... நீங்க அதைப் படம் பிடிச்சீங்களா?"

பென்னீஸ் அவரைப் பார்த்தார். கூஸ்கூஸ் விவகாரத்தைக் கிளப்பலாமா என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. நல்ல மனுஷர், கிளப்பவில்லை. "பொண்டாட்டிக்குன்னு எடுத்தேன்" என்று மட்டும் சொல்லி ஃபோனை நீட்டினார்.

உள்ளங்கை அகலத் திரையில் நான்கு பெண்கள் மேடையேறினார்கள். கிஸ்லான் உட்கார்ந்து குச்சிகளை எடுத்தாள், ஆனால் ஆரம்பிக்கவில்லை. முன்வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். ஓரத்திலிருந்து யாரோ கையசைத்து அவசரப்படுத்தினார்கள். அவள் பாடுகிற பெண்ணின் காதில் எதையோ சொன்னாள். "அஸர் பாங்கு வரப்போகுது, முடிஞ்சதும் ஆரம்பிக்கிறோம்" என்று அந்தப் பெண் அறிவித்தாள். கூட்டம் அடங்கியது, பாங்கு ஒலித்தது. முற்றத்தில் உட்கார்ந்து அவர் டீயோடு கேட்ட அதே பாங்கு.

பாங்கு முடிந்தும் அவள் ஆரம்பிக்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டே நிமிஷம். எங்க பாபா வரணும். அவர் லேட்டா வர்ற ஆளே இல்ல."

கூட்டம் கைதட்டியது. இரண்டு நிமிஷம் ஐந்தானது. அவள் முன்வரிசையை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் குனிந்து குச்சிகளைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

முதல் அடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சுத்தமான கை. ஒரு அடிகூட நழுவாத கை. இரண்டு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் உருண்ட பாத்திரங்களும் இவைதான். பழக்கதோஷத்தில் ஏதாவது நொட்டை சொல்ல வாயெடுத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மகளை நினைத்துப் பெருமையாக இருந்தது, தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் கட்டித் திரை மங்கியபோது சட்டைக் கையால் திரையைத் துடைத்தார்.

"பாபா, பாட்டை ஃபோன்லயா பாக்கிறீங்க?"

பின்னால் கிஸ்லான் நின்றிருந்தாள். கையில் குச்சிகள், பக்கத்தில் சுகைனா. சுகைனா அவருடைய நீலச் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "அட என் மனுஷா! பதினொரு மாசம் கூட்டத் தெரிஞ்ச உங்களுக்கு இன்னைக்கு ஒரு நாள் கூட்டத் தெரியலையா?"

"ரெண்டு பாட்டை விட்டுட்டோம்" என்றாள் கிஸ்லான். "நேரம் பத்தல. கூட வாசிக்கிற பிள்ளைங்ககிட்ட நான்தான் கெஞ்சி நிறுத்தி வச்சேன்."

அவள் கத்தியிருந்தால் தேவலை.

"தப்பு என்னோடதுதான்" என்றார் ஜவாத். பாதிப் பேரைப் பேசவிடாமல் மீதிப் பேருக்குப் பாடம் நடத்துகிற வாய் அது, இந்த இரண்டு வார்த்தைக்குத் திணறியது. "உன்னைப் பாக்கத்தாம்மா வந்தேன். வேற எந்தப் பேண்டையும் பாக்க வரல."

கிஸ்லான் குச்சிகளைப் பைக்குள் செருகினாள். சுகைனாதான் பொதுவில் சொன்னாள், "வர்ற வெள்ளிக்கிழமை மெக்னெஸ்ல வாசிக்கிறாங்க."

"நான் யாரையும் கூப்பிடல" என்றாள் கிஸ்லான்.

"கூப்பிட வேண்டாம். நானே சீட்டு வாங்கிட்டு வர்றேன். எத்தனை மணிக்கு?"

"எட்டு."

ஜவாத் கடிகாரத்தைப் பார்த்தார். பென்னீஸைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையாக மகளிடம் கேட்டார்:

"பழசா, புதுசா?"