வைக்கோல் பொம்மையும் இருபத்திரண்டாம் எண்ணும்

என்னை நல்லவள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பனி ஹாக்கியில் என் வேலை ஒன்றே ஒன்றுதான்: எதிரணிக் கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் போய் நின்று, அவள் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் மறைப்பது. கோலுக்கு முன்னால் பனியில் நீல நிறத்தில் ஓர் அரைவட்டம் போட்டிருப்பார்கள். அது அவளுடைய வீடு. அதற்குள் நான் நிற்கக் கூடாது, நிற்கவும் மாட்டேன். என் குதிகால் கோட்டுக்கு வெளியேதான் இருக்கும். என் பின்பக்கம் மட்டும் உள்ளே இருக்கும். பின்பக்கத்தைப் பற்றி எந்த நடுவரும் இதுவரை வாய் திறந்ததில்லை. இருபது வருடமாக இருபத்திரண்டாம் எண் சட்டை போட்டு டார்னோ ஊர்ப் பெண்கள் அணிக்கு இப்படித்தான் ஆடுகிறேன். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இந்த மூலையில் என்னைத் திட்டாத கோல்கீப்பர் கிடையாது.

எல்லோரையும் விட அதிகமாகத் திட்டியவள் என் அக்கா லூபா. வெர்னைக் கட்டிக்கொண்டு எல்ம்ஃபோர்டில் அவர் பண்ணைக்குப் போனவள், அந்த ஊர் அணிக்கு கோல்கீப்பர் ஆகிவிட்டாள். முன்னால் நிற்கிறவளை அப்புறப்படுத்த ஒவ்வொரு கோல்கீப்பருக்கும் ஒரு வழி உண்டு. சிலர் நடுவரிடம் அழுவார்கள். சிலர் தங்கள் அணிப் பெண்களைக் கூப்பிட்டு இழுத்துப்போடச் சொல்வார்கள். லூபா யாரையும் கூப்பிட மாட்டாள். காப்பு இல்லாத கெண்டைக்காலில் மட்டையால் 'சுளீர்' என்று ஒன்று வைப்பாள். "வீட்டுக்கு வழி தெரியலையாடி?" என்பாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அறுவடை நடுவில் அவளுடைய இடது கண்ணில் விழித்திரை கிழிந்தது. இரண்டு முறை அறுவைச் சிகிச்சை செய்தும் பார்வை திரும்பவில்லை. வலது கண் ஒன்றுதான் மிச்சம். கம்பிக்கூண்டு வைத்த முகமூடி போட்டால் ஆடலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஒரு முழுப் பருவம் அவள் ஆடவில்லை.

இந்த ஜனவரியில் போன் செய்தாள்.

"பிப்ரவரி போட்டிக்கு வரேன்டி."

"அக்கா, நிஜமாவா?"

"ரெண்டு நாள் ஆடிப் பாக்கறேன். முடிஞ்சா முடியுது. முடியலன்னா கால்காப்பு, கையுறை எல்லாத்தையும் ஏதாவது சின்னப் பொண்ணுக்குக் குடுத்துட்டு, கம்முனு பார்வையாளர் பக்கம் உக்காந்து காப்பி குடிக்கறேன்."

சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்குத் தெரியாதா? பதினோரு வயதிலிருந்து அந்த நீலவட்டத்தில் நின்றவள் அவள். காப்பி குடிக்கப் பிறந்தவள் இல்லை.

போனை வைத்ததும் கவலை பிடித்துக்கொண்டது. எதிரே மறைப்பு இல்லாவிட்டால் ஒற்றைக் கண்ணால் சமாளிப்பாள். நாலு பேர் முன்னால் வந்து முண்டினால்? இடது பக்கம் வருவதை எப்படிப் பார்ப்பாள்? யாராவது மேலே விழுந்து, இருக்கிற ஒரு கண்ணுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? கூண்டு இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும். மனசு கேட்டால்தானே!

அதனால் ஒரு காரியம் செய்தேன். போட்டிக்கு வரும் மற்ற இரண்டு ஊர் அணித் தலைவிகளுக்கும் போன் போட்டேன். "லூபா வரா. அவ வட்டத்துக்குப் பக்கத்துல யாரும் போகாதீங்க, ப்ளீஸ். நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்" என்றேன். என் அணியில் ஜோலீனிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் சமவெளி ஜனம் அப்படித்தான். ஒருவருக்கு உடம்புக்கு ஒன்று என்றால் கேட்காமலே வாசலில் ஒரு தட்டு வேகவைத்த உருளைக்கிழங்கை வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

சனிக்கிழமை எல்ம்ஃபோர்டுக்கு இரண்டு ஆட்டம். நான் பார்வையாளர் பெஞ்சில் கிரேவி ஊற்றிய உருளை வறுவலோடு உட்கார்ந்திருந்தேன். லூபா வந்தாள். ஆட்டம் தொடங்குமுன் ஸ்கேட்டின் விளிம்பால் தன் வட்டத்துப் பனியை இடமும் வலமும் சுரண்டிச் சொரசொரப்பாக்கினாள். வழுக்காமல் நிற்க எல்லா கோல்கீப்பரும் செய்வதுதான். மட்டையால் இரண்டு கம்பத்தையும் தட்டினாள்.

பிறகு ஆட்டம் நடந்தது. அதை ஆட்டம் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஒருத்தி பக்கத்தில் வரவில்லை. ஒரு பெண் வேகத்தில் தவறி வட்டத்துக்குள் வழுக்கி வந்துவிட்டு, "ஸாரி லூபா, ஸாரி!" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ஓடினாள். எல்லோரும் தூரத்திலிருந்து, பந்துக்குப் பதிலாக இருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை நேராக அவள் மார்புக்கு அடித்தார்கள். முதல் ஆட்டத்தில் எல்ம்ஃபோர்டுக்கு வெற்றி, மூன்றுக்குப் பூஜ்யம். இரண்டாவதிலும் வெற்றி, நாலுக்கு ஒன்று. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தினேன்.

லூபா முகமூடியைக் கழற்றினாள். அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அரங்கத்துச் சமையலறையில் எனக்கு முறை. உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரொகியை வேகவைத்து வெங்காயத்தோடு வதக்கிக்கொண்டிருந்தேன். லூபா ஈரத் தலையோடு வந்து கதவில் சாய்ந்தாள்.

"ஏன்டி, என் பக்கத்துல ஒருத்திகூட வரல?"

"உன்னப் பாத்து பயம்க்கா. உன் மட்டைய மறப்பாங்களா?"

"ரெண்டு ஆட்டத்துல ஒரு தடவகூட மட்டைய ஓங்கல நான்."

"அந்த அளவுக்குப் பயம்."

அவள் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு பெரொகியைச் சட்டியிலிருந்தே எடுத்து ஊதித் தின்றாள். "உப்பு பத்தல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிறு மத்தியானம் எங்களுக்கும் எல்ம்ஃபோர்டுக்கும் இறுதி ஆட்டம். சமையலறைக்குப் பெரிய பாத்திரம் ஒன்று தேவைப்பட்டதால் காலையில் லூபாவின் பண்ணைக்குப் போனேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் குட்டை உண்டு. குளிர்காலத்தில் அது கல்லாக உறைந்துவிடும். வண்டியை நிறுத்தியதும் அந்தப் பக்கம் பார்த்தேன். குட்டையில் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

கிட்டப் போனேன். மனிதர்கள் இல்லை. வெர்னின் பழைய வேலை உடுப்புகளுக்குள் வைக்கோலைத் திணித்து, கழி நட்டு நிறுத்தியிருந்தார்கள். எதிரே ஒரு பழைய கோல். அதன் முன்னால் பனியில் நீலப் பெயிண்டால் கோணல் மாணலாக ஓர் அரைவட்டம். ஐந்து பொம்மையில் ஒன்று மட்டும் உடுப்புக்கு மேல் எங்கள் ஊர்ச் சட்டை போட்டிருந்தது. இருபத்திரண்டாம் எண். நான் என்றைக்கோ அவள் வீட்டில் விட்டுப்போன என் சட்டை. பின்பக்கத்தில் ஒரு சோபாத் தலையணை கட்டியிருந்தது.

"அதுதான் நீ." வெர்ன் பாத்திரத்தோடு பின்னால் வந்து நின்றார்.

"இந்தத் தலையணை யாரு வேலை?"

"அளவு அவதான் சொன்னா. நான் கட்டினேன், அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. "எப்போலேர்ந்து இது?"

"நவம்பர்லேர்ந்து. குட்டை உறைஞ்ச நாள்லேர்ந்து. தினம் மாட்டுக்குத் தீனி போட்டதும் ஒரு மணி நேரம். நான் பொம்மைங்களுக்கு நடுவுல அடிக்கணும், அவ தேடிப் புடிக்கணும். முதல் மாசம் ஒண்ணுகூட புடிக்கல. வீட்டுக்குள்ள வந்து அழுவா, மறுநாள் திரும்ப வருவா." அவர் பனியைக் காலால் தேய்த்தார். "கூட்டத்துக்குத்தான் அவ தயாரானா டார்சி. நேத்து கூட்டமே வரல."

அடக் கடவுளே. நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

வீட்டுச் சமையலறைக் கதவு திறந்து லூபா வெளியே வந்தாள். மறைக்க எனக்குத் தெம்பில்லை. அங்கேயே குளிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். யார் யாருக்குப் போன் போட்டேன், என்ன சொன்னேன் என்பது வரைக்கும். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"ஒரு கண்ணு போச்சுன்னுதான் நெனச்சேன்" என்றாள். "உங்களுக்கெல்லாம் நானே போயிட்டேன் போல."

"அப்படி இல்லக்கா. அந்த இன்னொரு கண்ணுக்கும் ஏதாவது..."

"அது என் கண்ணு. பயப்படறதுன்னா நான் பயந்துக்கறேன். நேத்து வாங்கின கைதட்டல வச்சு நான் என்னடி பண்றது? என்னால முடியுமா முடியாதான்னு இன்னும் தெரியல எனக்கு. உன்னால." அவள் குரல் உடைந்தது. "மத்தியானம் நிப்பியா?"

நான் வெர்ன் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தேன்.

"நிக்கலன்னா இனிமே என் வாசல்லயும் வந்து நிக்காத."

பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உடை மாற்றும் அறையில் என் அணியிடம் சொன்னேன்: "நான் முன்னாடி சொன்னத மறந்துடுங்க. முட்டாள் நான். இன்னிக்கு லூபாவுக்கு மரியாத குடுக்கணும்னா அவ மூஞ்சிக்கு முன்னால போய் நில்லுங்க." ஜோலீன் மட்டும், "நீ நிப்பியா?" என்று கேட்டாள்.

நிற்க முடியவில்லை என்பதுதான் உண்மை. முதல் பத்து நிமிடம் கால் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஓரமாகவே சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் லூபா மட்டையால் பனியில் டொக் டொக்கென்று அடித்தாள்.

"டார்சி! எங்கடி உன் தலையணை?"

அரங்கத்தில் பாதிப் பேருக்குக் கேட்டது. போனேன். குதிகால் வெளியே, மற்றது உள்ளே. போன மறு நொடியே கெண்டைக்காலில் 'சுளீர்'. உயிர் போய் வந்தது. அம்மாடி, அந்த வலிக்காக எத்தனை மாதம் ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியாலும்தான்.

"வீட்டுக்கு வழி தெரியலையா?" என்றாள் பின்னாலிருந்து.

"இதான்க்கா வீடு!"

"வாய மூடு, ஆட்டத்தப் பாரு."

அவள் முன்னைப் போல ஆடவில்லை. முன்பு நிமிர்ந்து நின்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். இப்போது நன்றாகக் குனிந்து, வட்டத்தின் விளிம்பு வரை வந்து, என் இடுப்புக்கு வலப்பக்கமாகப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் நகர்ந்து மறைத்தால் கழுத்தை மொத்தமாகத் திருப்பி மறுபக்கம் போனாள். அவளுடைய கையுறையின் முதுகு என் இடது இடுப்பில் எப்போதும் லேசாகப் பட்டுக்கொண்டே இருந்தது. தள்ளவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தாள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள். அவளுடைய இருட்டுப் பக்கத்தில் மட்டையை நீட்டி வில்லையைத் திருப்பிவிட்டு ஒரு கோல் போட்டேன். அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து முகமூடி வழியாகப் பீய்ச்சிக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சு. திரும்ப வா" என்றாள்.

திரும்பத் திரும்பப் போனேன். என்னோடு இன்னும் இருவர் வந்தார்கள். சில அடிகளைப் பிடித்தாள், இன்னும் இரண்டு உள்ளே போயின. கடைசி நிமிடம் நாங்கள் மூன்று, அவர்கள் இரண்டு. ஜோலீன் தூரத்திலிருந்து மட்டையை ஓங்கினாள். லூபாவுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் சுவராக நின்றோம். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்க வழியே இல்லை. வில்லை என் இடுப்பைத் தாண்டிப் போக வேண்டும் என்று நான் வழக்கம்போல வலது பக்கம் ஒதுங்கினேன். கோல்தான் என்று கையைத் தூக்கினேன். பின்னால் 'டப்' என்று கையுறைக்குள் விழும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். கையுறைக்குள் வில்லையை வைத்துக்கொண்டு அவள் பனியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா அத?" என்றேன்.

"பாக்கல."

"அப்புறம் எப்படி?"

"அடி வரும்போது நீ வலது பக்கம் ஒதுங்குவ. இருவது வருஷமா அப்படித்தான் ஒதுங்கற. உன் இடுப்பு என் கைய விட்டு நகந்துச்சு, வில்லை நீ விட்ட வழியாத்தான் வரும்னு தெரிஞ்சிடுச்சு." மூச்சு வாங்கினாள். "தலையணை ஒதுங்காது பாரு. அதான் குட்டைல இது புரியல. நீ முன்னால நின்னா எனக்கு இடது பக்கமும் தெரியுதுடி."

கோப்பை எங்களுக்கு. மூன்றுக்கு இரண்டு. இரண்டு அணியும் வரிசையாக வந்து கைகொடுக்கும்போது எங்கள் பக்கத்தில் யாரும் லூபா அளவுக்குச் சிரிக்கவில்லை. மூன்று கோல் வாங்கித் தோற்றவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததே இல்லை. என் முறை வந்தபோது அவள் கை கொடுக்கவில்லை. முகமூடியை மேலே தள்ளிவிட்டு, வியர்த்த நெற்றியை என் நெற்றியில் முட்டினாள்.

"சட்டைய வந்து எடுத்துட்டுப் போ" என்றாள். "பொம்மையப் பிரிச்சு வைக்கோல மாட்டுக்குப் போட்டுடச் சொல்லிட்டேன் வெர்ன்கிட்ட. அடுத்த நவம்பர்ல குட்டைக்கு நீயே வந்து நில்லு."