மூடி வைத்த விடை

"ஒரே ஒரு தடவை திறந்து காட்டிடு தம்பி. அவ கண்ணை மூடறதுக்குள்ள," என்றார் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், மனைவியின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்தபடி.

கட்டிலருகே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவன் அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவன். அவனுடைய உயரத்துக்கும் ஒல்லிக்கும் அவள் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. அண்டவெளியின் ஏதோ ஒரு மூலையிலிருந்து கிளம்பி, பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோ துகள்களை, தென்துருவப் பனிக்குள் புதைத்த கருவிகளைக் கொண்டு தேடுவது அவர்கள் வேலை. வருகிற வழியில் நாம் அறியாத ஏதாவது அவற்றை மாற்றுகிறதா? அவள் வாழ்நாளெல்லாம் கேட்டது அது ஒன்றைத்தான். விடை அந்தக் கணினிக்குள் இருந்தது. ஆனால் எல்லாச் சோதனைகளும் முடியும்வரை யாரும் அதைப் பார்க்கக் கூடாது. அது அவர்கள் கட்டுப்பாடு. இன்னும் ஒரு சோதனை பாக்கி.

"யாருக்குத் தெரியப் போகுது அண்ணே," என்று ஒட்டடைக்குச்சியும் இளகிவிட்டான்.

"கையை எடுடா."

தூங்குகிறாள் என்றல்லவா நினைத்திருந்தார்கள்!

"முன்னாடியே பார்த்துட்டா, பிடிச்ச விடை வர்ற வரைக்கும் தப்பு தேடுவோம். வந்துட்டா தேடவே மாட்டோம்."

"உனக்காகத்தானே கேக்கறேன்," என்றார் மெக்கானிக்.

"எனக்காகத்தான் வேண்டாங்கறேன்." மூச்சு வாங்கியது. "இவரு பேச்சைக் கேட்டா, என் கடையிலயும் ஐஸ் இருக்கு, அங்க தேடுன்னுவாரு."

"இருக்கத்தானே செய்யுது," என்றார். அவள் உதடு லேசாக விரிந்தது.

சோதனை ஓடத் தொடங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்திருந்த கை கனத்தபோதும் சோதனை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அது முடிந்து, குழுவினரும் திறக்கலாம் என்றபோது பொழுது சாய்ந்திருந்தது. வெளியே கூடத்தில் ஒட்டடைக்குச்சி அவரைப் பார்த்தான். தலையசைத்தார்.

"புதுசா எதுவும் இல்லண்ணே. எல்லாம் பழைய கணக்குப்படிதான் வருது."

"அப்ப தோத்துட்டாளா?"

"இல்லண்ணே. இந்தப் பக்கம் எதுவும் இல்லன்னு இனிமே தைரியமா சொல்லலாம். அதுக்கே இவ்வளவு நாளாச்சு."

மெக்கானிக் அறைக்குள் போனார். அவள் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிக் குனிந்தார். காதை மறைத்திருந்த முடியை ஒதுக்கினார். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் நிமிரவில்லை.